கோட்டை கட்ட அனுமதி கிடைக்காத சிற்றரசர்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஜப்பானின் ஹிமேஜி கோட்டையைப் பற்றி எழுதும்போது, "கோட்டை வைத்துக்கொள்ள உரிமை இல்லாத டைம்யோக்கள் ஜின்யாவில் இருந்தார்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். டைம்யோ என்றால் சிற்றரசர், ஜின்யா என்றால் அவர் கோட்டைக்குப் பதிலாக இருந்து ஆண்ட வளாகம். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது ஒசாகாவில் மகன் வீட்டோடு இருக்கும் எனக்கு இதைவிடப் பிடித்த கேள்வி கிடைக்காது. அதனால் இந்த இதழ் முழுக்க அதுவே.

கேள்வி (திருச்சி வாசகி): நவம்பரில் மகள் வீட்டுக்கு ஒசாகா வருகிறோம். ஹிமேஜி, கியோட்டோ, நாரா எல்லாம் திட்டத்தில் இருக்கின்றன. மாப்பிள்ளை கைபாரா என்ற ஊரில் உள்ள ஜின்யாவுக்கு ஒரு நாள் ஒதுக்கச் சொல்கிறார். படத்தில் பார்த்தால் ஒரு பெரிய வீடு மாதிரிதான் இருக்கிறது. இதற்கு ஒரு நாள் செலவழிக்கலாமா?

பதில்: உங்கள் மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். செலவழிக்கலாம். ஆனால் ஹிமேஜியைப் பார்த்த கண்ணோடு அங்கே போய் நிற்கக் கூடாது.

ஜப்பானை ஷோகன்கள் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, ஒருவரின் தகுதியை நெல்லால் அளந்தார்கள். அளவுக்குப் பெயர் கோகு. ஒரு கோகு என்பது சுமார் 180 லிட்டர், கிட்டத்தட்ட 150 கிலோ அரிசி. ஒருவருடைய நிலம் ஆண்டுக்கு 10,000 கோகு விளையும் என்று கணக்கில் ஏறினால் அவர் டைம்யோ, சிற்றரசர். அதற்குக் கீழே இருந்தால் இல்லை. மேலே மாயேதா குடும்பம் 10 லட்சம் கோகுவுக்கும் அதிகமாக வைத்திருந்தது. கீழே பத்தாயிரம், இருபதாயிரம் என்று வரிசையாகப் பலர். பட்டம் எல்லோருக்கும் டைம்யோதான். ஆனால் ஷோகனின் தலைநகரான எடோவில் (இன்றைய டோக்கியோ), அவர் அரண்மனையில் யார் எந்த அறையில் காத்திருப்பது என்பது வரை தரம் பிரித்து வைத்திருந்தார்கள்.

அந்தத் தரத்தில் பெரிய கோடு கோட்டை. 1615ல் ஷோகன் அரசு ஓர் ஆட்சிப் பகுதிக்கு ஒரு கோட்டைதான் என்று ஆணையிட்டது. புதிதாகக் கட்டத் தடை, பழையதைப் பழுதுபார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். விளையாட்டுக்குச் சொன்ன சட்டமில்லை. ஹிரோஷிமாவின் ஃபுகுஷிமா மசனோரி, வெள்ளத்தில் சேதமான கோட்டையை முறையான அனுமதி இல்லாமல் சரிசெய்தார் என்று 1619ல் ஊரையே பறிகொடுத்தார். அத்தனை பெரிய மனிதருக்கே அந்தக் கதி என்றால், இருபதாயிரம் கோகு ஆசாமி கோட்டை வேண்டும் என்று வாயைத் திறப்பாரா? அவர்கள் சமதளத்தில், சாலைக்குப் பக்கத்தில், ஒரு பெரிய வளாகம் கட்டிக்கொண்டார்கள். அதுதான் ஜின்யா. உயர்ந்த கோபுரம் கிடையாது. அகழி இருந்தாலும் ஆழமில்லை. நீளமான வாசல் கட்டிடம், உள்ளே அலுவலக அறைகள், அவற்றுக்குப் பின்னால் பிரபுவின் வீடு, சுற்றிலும் சாமுராய் குடியிருப்பு. நமக்குப் புரியும்படி சொன்னால், சிம்மாசனம் வைத்த தாலுகா ஆபீஸ்.

கைபாரா இப்போது ஹியோகோ மாகாணத்தில் தம்பா நகரத்தின் ஒரு பகுதி. ஒசாகாவிலிருந்து 'கோனோதோரி' விரைவு ரயிலில் ஒன்றே கால் மணி நேரம் போல ஆகும். ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம். முதலில் வருவது நாகயா-மோன் என்ற நீண்ட வாசல். 1714ல் கட்டியது, இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. வாசல் என்றால் இரண்டு தூணும் கதவும் என்று நினைக்காதீர்கள். காவலர் அறையும் ஆயுதம் வைக்கும் அறையும் சேர்ந்த ஒரு வீடு அது, நடுவில் வழி விட்டிருக்கிறார்கள். அங்கேயே பத்து நிமிடம் நில்லுங்கள். மனு கொடுக்க வந்த ஊர்த் தலைவர் எங்கே தடுக்கப்பட்டிருப்பார், எங்கே உட்காரவைக்கப்பட்டிருப்பார் என்பது கட்டிடத்திலேயே எழுதியிருக்கிறது.

உள்ளே இருக்கும் முன்கட்டு அரண்மனை 1818ல் தீயில் போய் 1820ல் திரும்பக் கட்டியது. முழு வளாகத்தில் இன்று மிஞ்சியிருப்பது சிறு பகுதிதான். ஆனாலும் ஜப்பானில் ஒரு சிற்றரசரின் ஜின்யாவில் வாசலும் அரண்மனைக் கட்டிடமும் இருந்த இடத்திலேயே நிற்பது அபூர்வம். 1971ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். முகப்பு மட்டும் கட்டிடத்துக்குப் பொருந்தாத அளவு கம்பீரமாக, வளைந்த கூரையோடு இருக்கும். காரணம் இருக்கிறது. ஷோகனின் தூதரோ பக்கத்து ஊர்ப் பிரபுவின் ஆளோ வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான். பணம் குறைவாக இருந்தவர்கள் இருந்த பணத்தை முகப்பில் போட்டார்கள். கல்யாண மண்டபம் கட்டுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பிரபுக்கள் ஒழிந்த பிறகு இந்த அரண்மனை பள்ளிக்கூடமானது. அதனால்தான் பிழைத்தது என்பது என் கணிப்பு. மற்ற ஊர்களில் விறகு விலைக்குப் போனவை ஏராளம். இன்றும் பக்கத்திலேயே ஆரம்பப் பள்ளி இருக்கிறது. வேலை நாளில் போனால் மணிச் சத்தமும் பிள்ளைகள் சத்தமும் கேட்கும்.

எதிரே வரலாற்று அருங்காட்சியகம், கொஞ்சம் தள்ளி நேரம் அறிவிக்க முரசு அடித்த மூன்று அடுக்குக் கோபுரம், நகர அலுவலகத்தின் பக்கம் சுமார் ஆயிரம் வயது சொல்லப்படும் ஒரு கேயாக்கி மரம். அந்த மரத்தின் வேர் 6 மீட்டர் அகல ஓடையைத் தாண்டி மறு கரையில் இறங்கியிருக்கிறது. ஊரே அதை வேர்ப் பாலம் என்றுதான் சொல்கிறது. மரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஜின்யாவுக்குப் போகாமலே திரும்புகிற பஸ் கூட்டங்களும் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். திங்கட்கிழமையும் வேண்டாம். ஜப்பானில் சிறிய அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் அன்றுதான் மூடியிருக்கும்.

கேள்வி (மதுரை வாசகர்): கைபாரா பிரபுக்கள் ஓதா நொபுனாகாவின் வம்சம் என்று படித்தேன். பாதி ஜப்பானைப் பிடித்தவருடைய வாரிசுகளுக்கு ஒரு கோட்டைகூட இல்லையா?

பதில்: இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்த கதை இது.

நொபுனாகா 1582ல் கியோட்டோவின் ஹொன்னோ-ஜி கோவிலில் தன் தளபதியாலேயே முடிக்கப்பட்டார். இரண்டாவது மகன் நொபுகாட்சு, நொபுனாகாவுக்குப் பிறகு அதிகாரத்தைப் பிடித்த ஹிதேயோஷியோடு மோதினார், பிறகு சமாதானமானார். 1590ல் வேறு ஊருக்குப் போகச் சொன்னபோது மறுத்தார், இருந்ததும் போனது. கடைசியில் 1615ல், எடோ ஷோகன் ஆட்சியைத் தொடங்கிய தொக்குகாவா இயேயாசு அவருக்கு 50,000 கோகு கொடுத்தார். அதில் ஒரு பகுதி யமாதோ நாட்டில் உதா என்ற ஊர், இன்னொரு பகுதி கிழக்கே கோஸுகே நாட்டில். கிழக்குப் பகுதியை ஒரு மகனுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஆக இரண்டு கிளை.

உதா கிளையில் 1694ல் நடந்தது ஒரு குடும்பச் சீரழிவு. பிரபு நொபுதாகே உள்தகராறில் தன் மூத்த அதிகாரிகளைக் கொன்றுவிட்டுத் தானும் உயிரை விட்டார். ஷோகன் அரசு குடும்பத்தை ஒழிக்கவில்லை, ஆனால் 28,000 கோகுவை 20,000 ஆக வெட்டி, மகன் நொபுயாசுவை 1695ல் தம்பாவின் கைபாராவுக்கு மாற்றியது. தண்டனை இடமாற்றம். நான் வேலை பார்த்த துறையில் இதற்கு விளக்கமே வேண்டாம்.

வந்த இடத்தில் உட்கார அலுவலகம் இல்லை. கவனியுங்கள், அவர் வந்தது 1695, ஜின்யா முடிந்தது 1714. பத்தொன்பது ஆண்டுகள்! அனுமதியும் வேண்டும், பணமும் வேண்டும். 20,000 கோகு என்பது நிலத்தின் மொத்த விளைச்சல் மதிப்பு. அதில் பிரபுவுக்கு வரியாக வருவது பாதிக்கும் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து சாமுராய்களுக்குச் சம்பளம், எடோவில் ஒரு மாளிகை, மனைவி மக்கள் நிரந்தரமாக அங்கே இருக்க வேண்டிய செலவு, ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் பரிவாரத்தோடு எடோவுக்குப் போகும் பயணச் செலவு. 1635 முதல் இது கட்டாயம். மிச்சத்தில்தான் வீடு கட்ட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. கைபாராவில் ஓதா குடும்பம் ஆண்டது அது முதல் முறையல்ல. நொபுனாகாவின் தம்பி நொபுகானே 1598லேயே 36,000 கோகுவோடு அங்கே வந்தவர். மூன்று தலைமுறைக்குப் பிறகு வாரிசில்லாமல் 1650ல் அந்தக் கிளை முடிந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அண்ணன் வம்சம் வேறு வழியில்லாமல் அதே ஊருக்கு வந்து சேர்ந்தது.

கிழக்குக் கிளை இருந்த ஊர் ஒபாதா, இன்றைய குன்மா மாகாணத்தில் கன்ரா என்ற சிற்றூர். அங்கே ஜின்யா 1642 வாக்கில் வந்தது. கட்டிடங்கள் போய்விட்டன, ஆனால் பிரபுவின் தோட்டமான ராகுசான்-என்னைத் திருத்திச் சீரமைத்திருக்கிறார்கள். குளம், செய்குன்று, தூரத்து மலையைத் தோட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளும் பார்வை எல்லாம் உண்டு. ஊர் நடுவே ஓடும் ஓகாவா வாய்க்கால் இன்னும் வீட்டு வாசல்களை ஒட்டியே போகிறது. டோக்கியோ பக்கம் போகிறவர்கள் தொமியோகா பட்டு ஆலையோடு சேர்த்து ஒரே நாளில் பார்க்கலாம்.

இந்தக் கிளையும் தப்பவில்லை. 1767ல், ஷோகனுக்கு எதிராகப் பேசினார் என்று தண்டிக்கப்பட்ட அறிஞர் யமகாதா தாய்னியோடு இவர்களுடைய மூத்த அதிகாரிக்குத் தொடர்பு இருந்தது என்று வடக்கே தேவா நாட்டுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து தெந்தோ. தெந்தோவில் சாமுராய்கள் வறுமை தாங்காமல் ஜப்பானியச் சதுரங்கமான ஷோகி ஆட்டக் காய் செதுக்கிப் பிழைத்தார்கள். இன்றும் ஜப்பானின் ஷோகி காய்கள் பெரும்பாலும் அந்த ஊரில்தான் ஆகின்றன. நொபுனாகாவின் பேரைச் சொன்னால் துப்பாக்கிப் படையையும் எரிந்த கோவில்களையும் நினைக்கிறோம். எனக்கு இந்தக் காய்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

கேள்வி (கோவை வாசகர்): நாங்கள் போன வருஷம் தாகாயாமா ஜின்யா பார்த்தோம். அது ஒரு பிரபுவின் அரண்மனை என்று நினைத்தேன். உங்கள் கணக்கில் அது எத்தனை கோகு?

பதில்: தாகாயாமா ஜின்யா பிரபுவுடையதே அல்ல. அந்த ஹிதா மலைநாட்டை ஆண்ட கனமோரி குடும்பத்தை 1692ல் ஷோகன் அரசு வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு நாட்டை நேரடியாக எடுத்துக்கொண்டது. மரமும் சுரங்கமும் உள்ள மலை, யார் விடுவார்கள்? அதற்குப் பிறகு எடோவிலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரிகள், மொத்தம் 25 பேர், 177 ஆண்டுகள் அங்கிருந்து நிர்வாகம் செய்தார்கள். கிட்டத்தட்ட கலெக்டர்கள். ஷோகன் ஆட்சி போன பிறகும் அது அரசு அலுவலகமாகவே 1969 வரை ஓடியது. அத்தகைய ஷோகன் அலுவலகங்களில் பிரதான கட்டிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அதனால் சுற்றிக்காட்ட வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். பாய்களின் ஓரத் துணியைக் கவனித்தீர்களா? அதிகாரியின் அறையில் வேலைப்பாடு உள்ள ஓரம், கீழே இறங்க இறங்கச் சாதாரணத் துணி, கடைசியில் ஓரமே இல்லாத பாய். பெரிய நெற்களஞ்சியம் 1695ல் கனமோரி கோட்டையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து போட்டது. கோட்டையை இடித்து அதன் களஞ்சியத்தை மட்டும் ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டார்கள்! முன்னுரிமை எது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பலர் சரளைக் கல் பரப்பிய விசாரணை முற்றத்தில் வதைக் கருவிகளைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த முற்றத்துக்குப் பின்னால் ஓஹாரா கலவரம் என்ற பெரிய கதை இருக்கிறது. 1771ல் தொடங்கி ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் விட்டு விட்டு நடந்தது. அதிகாரி ஓஹாரா ஹிகோஷிரோ 1773ல் நிலத்தை மறு அளவை செய்ய ஆரம்பித்தார். புதிதாகத் திருத்திய நிலத்தை மட்டும் அளப்போம் என்று சொல்லிவிட்டு, பழைய வயல்களையும் அளந்து விளைச்சல் மதிப்பை ஏற்றினார்கள். அளவுக் கயிறு வயலில் இறங்கினால் ஊர் கொதிக்கும் என்பது எனக்குத் தெரியும். அங்கே ஆயிரக்கணக்கான விவசாயிகள் திரண்டார்கள், படையை வரவழைத்து அடக்கினார்கள். தலைமை தாங்கியவர்களில் ஹொங்கோ ஊர் ஸென்குரோ என்ற பையன். மரண தண்டனை பெற்றபோது வயது 18. ஹிகோஷிரோவுக்கோ பதவி உயர்வு. அவர் மகன் அதே பதவிக்கு வந்து அதே அட்டூழியத்தைத் தொடர்ந்தபோதுதான் மேலிடம் விழித்து, மகனைத் தீவுக்கு நாடு கடத்தியது.

மறுபடி போனால் அந்தக் களஞ்சியத்துக்குள் கூடுதல் நேரம் இருங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): ஒன்றுமே மிஞ்சாமல் பெயர்ப்பலகை மட்டும் இருக்கும் ஜின்யாக்களுக்குப் போவதில் பயன் உண்டா?

பதில்: ஊர் மிஞ்சியிருந்தால் உண்டு. ஒகாயாமா பக்கத்தில் அஷிமோரி இருக்கிறது. ஹிதேயோஷியின் மனைவி நேனேயின் பிறந்த வீட்டு வம்சமான கினோஷிதா குடும்பத்தின் 25,000 கோகு ஊர். ஜின்யா இருந்த இடத்தில் கல் கரையும் அகழியும்தான் இருக்கின்றன. ஆனால் ஓமிஸு-என் தோட்டமும் பழைய வணிகர் தெருவும் அப்படியே இருப்பதால், நடுவில் என்ன இருந்திருக்கும் என்று மனதில் கட்டிக்கொள்ள முடிகிறது.

நாராவின் யக்யூ வேறு மாதிரி. ஷோகனுக்கு வாள் கற்றுக்கொடுத்த யக்யூ முனெனோரி 1636ல் சரியாக 10,000 கோகுவைத் தொட்டு டைம்யோ ஆனார். வரம்பில் நின்றவர். அவர்களுடைய ஜின்யா 18ஆம் நூற்றாண்டில் எரிந்துவிட்டது, இப்போது மேட்டில் ஒரு பூங்கா. அதைவிட, கீழே நிற்கும் மூத்த அதிகாரியின் வீடு பார்க்கத் தகுந்தது. பிரபுவின் வீடு போய் நிர்வாகியின் வீடு நிற்கிறது. எந்த ஊரில்தான் இல்லை இது?

எந்த ஊருக்குப் போனாலும் பக்கத்துக் கோவில்களின் வாசலைப் பாருங்கள். 1871ல் பிரபு ஆட்சி ஒழிந்தபோது ஜின்யா வாசல்களைக் கழற்றி விற்றார்கள். கோவில்கள் வாங்கி நட்டன. கோவிலுக்குப் பொருந்தாத மிடுக்கோடு ஒரு வாசல் நின்றால் விசாரியுங்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): ஜின்யாவில் ரகசியக் கதவு, சுரங்க வழி, நிஞ்சா பொறி எல்லாம் உண்டா?

பதில்: அதற்குக் கியோட்டோவின் நிஜோ ஜின்யாவுக்குப் போங்கள். மறைவான படிக்கட்டு, மேலே காவலர் ஒளியும் இடம் எல்லாம் இருக்கிறது. ஆனால் அது ஒகாவா என்ற வணிகக் குடும்பத்தின் வீடு, ஊருக்கு வரும் பிரபுக்கள் தங்குமிடமாகவும் இருந்தது. முன்பதிவு வேண்டும், விளக்கம் ஜப்பானிய மொழியில், ஆகவே கூட மொழி தெரிந்த ஒருவர் வேண்டும். மற்ற ஜின்யாக்களில் ரகசியம் என்று இருந்தது கடன் கணக்குதான்.

கேள்வி (கும்பகோணம் வாசகி): என் அம்மாவுக்கு முழங்கால் வலி, நாங்கள் சைவம். இந்த மாதிரி சின்ன ஊர்களில் சமாளிக்க முடியுமா?

பதில்: கோட்டையைவிட ஜின்யா உங்கள் அம்மாவுக்கு ஏற்றது. ஹிமேஜியில் செங்குத்தான மரப்படியில் பல மாடி ஏற வேண்டும். இங்கே எல்லாம் தரைத்தளம். வாசலில் ஓர் உயரமான படி இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும், கை கொடுத்தால் போதும். நவம்பர் கடைசியில் மரத்தரை சில்லென்று இருக்கும். தடிமனான காலுறை இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள்.

சாப்பாடுதான் சிக்கல். உடோன் நூடுல்ஸில் காய்கறி மட்டும் என்று எழுதியிருந்தாலும் சாற்றில் மீன் சேர்ந்திருக்கும். கடைக்காரர் பொய் சொல்வதாக நினைக்காதீர்கள், அவர்கள் கணக்கில் அது மீன் சாப்பாடு இல்லை. கன்வீனியன்ஸ் ஸ்டோரில் உமே என்ற புளிப்புப் பழ ஊறுகாய் வைத்த சோற்று உருண்டையை ஸ்டேஷனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். உறையில் உள்ள பொருட்களின் பட்டியலை மகளையோ மகனையோ ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள், அதிலும் சிலவற்றில் மீன் சாறு உண்டு. தம்பா பக்கம் போனால் பயமில்லை. கறுப்பு சோயா, கஷ்கொட்டை, பெரிய சிவப்பு அஸுகி பயறு மூன்றுக்கும் பேர்போன நாடு அது. பயறு பூரணம் வைத்த இனிப்பு கிடைக்கும், நம் நாக்குக்கு இனிப்பு குறைவுதான். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாலும் ஒன்று கொடுக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள், அதை டாக்டரிடம் கேளுங்கள்.